340 256 256: கூத்துக் கொப்பி காணாமற்போன வாரம்

2025 ஜூன் 10, செவ்வாய்

போயா விடுமுறை. கச்சான் காற்று காலையிலேயே தொடங்கிவிட்டது. மருமகன் மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து வலையிறவுப் பாலத்தால் வந்து, என் பழைய டெஸ்க்டொப்பில் டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் புதிதாகப் போட்டுத் தந்தான். “மாமி, என்ட மெஷின்ல இருக்கிற டெர்மினல் செட்டிங்ஸ அப்படியே உங்களுக்கும் போட்டிருக்கன். வடிவா இருக்கும்” என்றான். டெர்மினல் என்பது கட்டளைகளைத் தட்டும் ஜன்னல். அந்தக் கறுப்புத் திரையில் என் பெயர் பச்சையில் தெரிந்தது. வடிவாகத்தான் இருந்தது.

இரவு, கூத்துக் கோப்புகள் இருக்கும் அடைவுக்குள் போய், கோப்புப் பெயர்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை அடித்தேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ‘மங்களம்’, ‘கட்டியகாரன் வரவு’ என்றெல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் டொலர் குறி, மேற்கோள் குறி, அதற்குள் சாய்கோடும் இலக்கமுமாக நீள நீளமாக ஏதோ ஓடியது. 340, 256, 256, மறுபடி 340. ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை.

அப்பப்பாவின் கூத்துக் கொப்பி அது. வடமோடி என்ற பாணிக் கூத்து. கறையான் தின்னாமல் விட்டுவைத்த பக்கங்களைப் பார்த்துப் பார்த்து இரண்டு வருடமாகத் தட்டி எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை சட்டங்கொடுத்தல், அதாவது ஆடுகிறவர்களுக்குப் பாத்திரத்தையும் பாட்டையும் பிரித்துக் கொடுக்கும் நாள். 17 பேருக்கும் அவரவர் பாட்டும் வசனமும் தனித்தனித் தாளில் வேண்டும். கூத்துக் கொப்பியைப் பார்த்து நடத்தும் ஏட்டண்ணாவியார் அப்பாதான். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 11, புதன்

கோப்புகளுக்கெல்லாம் ஆங்கிலத்தில் புதுப்பெயர் வைத்துவிடலாமா என்று விடியும்வரை யோசித்தேன். நல்லகாலம், செய்யவில்லை. பெயர் கெட்டுப்போனதா, கண்ணுக்குத்தான் தெரியவில்லையா என்று பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

தேத்தண்ணியோடு ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த இலக்கங்களில் 8, 9 எங்குமே இல்லை. அப்படியென்றால் பத்துக்குப் பதில் எட்டை அடியாக வைத்து எழுதிய எண்கள். 340 என்பது 3 தரம் 64, 4 தரம் 8: மொத்தம் 224. 256 என்பது 2 தரம் 64, 5 தரம் 8, அதோடு 6: மொத்தம் 174. எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட், அதாவது மூன்று எண். முதல் பைட்டில் 224ஐயும் மற்ற இரண்டிலும் 128ஐயும் கழித்தால் மிஞ்சுவது 0, 46, 46. நடுவில் உள்ள 46ஐ 64ஆல் பெருக்கினால் 2944. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோட் அட்டவணையில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்கள் தொடங்குவது சரியாக அந்த 2944இல்தான். அதோடு கடைசி 46ஐக் கூட்டினால் 2990.

அட்டவணையில் 2990க்கு நேரே ‘ம’ இருந்தது.

அடுத்த மூன்று, 340, 256, 231. அது 2969, ‘ங’. அதற்கடுத்த 340, 257, 215ஐக் கணக்கிட்டால் 3021, புள்ளி. ம, ங, புள்ளி. ‘மங்’ என்று வாய்விட்டுச் சொன்னேன். மங்களம்! கோப்பு கெடவில்லை, பெயரும் கெடவில்லை. வட்டில் இருக்கிற பைட் ஒவ்வொன்றும் அதனதன் இடத்திலேயே இருக்கிறது. அது தமிழ் என்று எல்எஸ்ஸுக்கு யாரோ சொல்லாமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு உயிர் வந்தது.

ஜூன் 12, வியாழன்

எந்த மொழி, எந்த எழுத்துமுறை என்று கணினிக்குச் சொல்லும் அமைப்புக்கு லொகேல் என்று பெயர். அதற்கான லொகேல்ஸ் பொதியை மறுபடி அமைத்து, பட்டியலில் தமிழ், இலங்கை, யூடிஎஃப்-8 என்ற வரியைத் தெரிவு செய்தேன். வெளியேறி உள்ளே வந்தேன். அதே 340, அதே 256.

மறுகா ‘லொகேல்’ என்று மட்டும் அடித்துப் பார்த்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். ‘லாங்’ என்ற வரியில் நான் கொடுத்த தமிழ் சரியாகவே இருந்தது. கடைசி வரியில் ‘எல்சி ஆல்’ என்பதற்கு நேரே ஒற்றை எழுத்து, சி. இந்த எல்சி ஆல் இருந்தால் மற்றெல்லாம் அதற்குக் கீழேதான். லாங் எதுவாக இருந்தாலும் எடுபடாது. சி என்றால் பழைய ஆங்கில எழுத்துகளைத் தவிர வேறொன்றையும் அறியாத லொகேல்.

அது வந்த இடம் மருமகன் கொப்பி பண்ணிய பாஷ்ஆர்சி கோப்பு. கட்டளைகளை வாங்கி நடத்தும் பாஷ் என்ற நிரல் தொடங்கும்போது படிக்கும் கோப்பு அது. போன் எடுத்துக் கேட்டேன். “எர்ரர் மெசேஜ் இங்கிலிஷ்ல வரட்டும் எண்டு போட்டது மாமி. தேடிப் பாக்க லேசு.” அவன் சொன்ன காரணம் நியாயமானதுதான். ஆனால் அதற்கு, செய்திகளின் மொழியை மட்டும் தீர்மானிக்கும் எல்சி மெசேஜஸ் என்ற ஒன்றை மட்டும் சி ஆக்கினால் போதும். அந்த வரியை அப்படி மாற்றிவிட்டு, புது ஜன்னல் திறந்து எல்எஸ் அடித்தேன். பெயரெல்லாம் தமிழில் தெரிந்தன. 17 பேரும் களரிக்கு வந்து நின்றதுபோல் இருந்தது.

ஆசைக்கு இன்னொன்று செய்து பார்த்தேன். மங்களம் என்ற சொல்லைக் கொடுத்து, எத்தனை எழுத்து என்று, எண்ணிச் சொல்லும் டபிள்யூசி கட்டளையிடம் கேட்டேன். சி லொகேலில் 21 என்றது. தமிழ் லொகேலில் 7 என்றது, புள்ளி இரண்டையும் தனியே எண்ணுவதால். பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்த கணக்கில் 5. பைட்டை எண்ணுகிறோமா, குறியை எண்ணுகிறோமா, வாயால் சொல்லும் எழுத்தை எண்ணுகிறோமா என்பதை ஒவ்வொரு கட்டளையிலும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

ஒவ்வொரு பாத்திரத்தின் வரிகளையும், தேடும் சொல் உள்ள வரிகளைக் காட்டும் கிரெப் கட்டளையால் பிரித்தெடுக்கத் தொடங்கினேன். கட்டளை நீண்டதும் அது அடுத்த வரிக்கு இறங்காமல் தன் தலையிலேயே திரும்ப எழுதிக்கொண்டு போனது. அந்தப் பச்சை நிறத்தால் வந்தது. கட்டளைக்கு முன்னால் என் பெயரைக் காட்டும் பிஎஸ்1 என்ற அமைப்பில் நிறக் குறியீட்டைச் சாய்கோட்டுச் சதுர அடைப்புக்குள் வைக்காவிட்டால், கண்ணுக்குத் தெரியாத அந்தக் குறிகளையும் பாஷ் நீளத்தில் சேர்த்துக்கொள்ளும். அடைப்புப் போட்டதும் சரி.

நடுவில் பழக்கத்தில் கன்ட்ரோல்-எஸ் அழுத்தியதும் திரை உறைந்தது. கன்ட்ரோல்-கியூ அழுத்தினால் விடும். பிறகு பேக்ஸ்பேஸ். கேட் என்ற கட்டளையால் கோப்புக்குள் நேரடியாகத் தட்டும்போது ஓர் எழுத்தை அழித்தால் ஒரு பைட் மட்டும் போய், மிச்சம் இரண்டும் குப்பையாகக் கோப்பில் தங்கியது. டெர்மினல் அமைப்புகளைக் காட்டும் எஸ்டிடிஒய் கட்டளையிடம் எல்லாவற்றையும் கேட்டால், தட்டுவது யூடிஎஃப்-8 என்று சொல்லும் ‘ஐயூடிஎஃப்8’ என்பதற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. அணைந்திருக்கிறது என்று அர்த்தம். அதுவும் பாஷ்ஆர்சியில் இருந்த வரிதான். கழித்தலை எடுத்தேன்.

ஜூன் 14, சனி

அப்பா வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

“புள்ள, சேவகனுக்குக் கொம்பு பிறத்தால நிக்குது.”

அவருக்குக் கண் மங்கல் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறோம்! ச முன்னால், கொம்பு அதற்குப் பின்னால். கோப்பில் அந்த வரிசையில்தான் இருக்கும்: மெய் முதலில், உயிர்க்குறி பிறகு. காட்டும்போது கொம்பை முன்னுக்குக் கொண்டுவருவது காட்டுகிற மென்பொருளின் வேலை. நான் பாவித்த எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் அதைச் செய்வதில்லை. வரும் ஒவ்வொன்றையும் சம அகலக் கட்டத்தில் அடுக்கிவிட்டுப் போகும். இதற்கு ஒரு செட்டிங்கும் இல்லை என்று தெரிந்ததும் தேடுவதை நிறுத்திவிட்டு, கான்சோல் என்ற வேறு டெர்மினலை நிறுவினேன். கொம்பு முன்னுக்கு வந்தது. சில இடங்களில் எழுத்துகள் இடிபடுகின்றன. இருக்கட்டும்.

லிப்ரே ஆபிஸில் திறந்து அச்சடித்தால் எல்லாம் ஒழுங்கு. அப்பா ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்து, மெல்லிய குரலில் தரு என்ற கூத்துப் பாட்டைப் பாடிப் பார்த்தபிறகே அடுத்ததை வாங்கினார். ஒரு விருத்தத்தில் ஒரு சீர் குறைகிறது என்றார். பழைய கொப்பியைப் புரட்டினோம். அவர் சொன்னது சரி. அது நான் தட்டும்போது விட்டது. திருத்தி, அந்தத் தாளை மட்டும் மறுபடி அடித்தேன். இரவு 11 மணி ஆகிவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

கோயில் முன்றலில் சட்டங்கொடுத்தல் நடந்தது. அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருவராக வந்து வெற்றிலையோடு தாளை வாங்கினார்கள். மருமகனுக்குச் சேவகன். தாளில் கொம்பு முன்னுக்கு நிற்கிறதா என்று நான் எட்டிப் பார்த்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவன் விறாந்தையில் மடிகணினியைத் திறந்துவைத்து, “எந்த வரி மாமி?” என்று கேட்டான். காட்டினேன். அழித்தான்.