படையல் யாருக்கு? சீனப் பேய்ப்படத் தாளை இரண்டாம் முறை எழுதித் தேறியவளின் குறிப்பு

நேற்று ரிசல்ட் வந்தது, தேறிவிட்டேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

போன தடவை என்னைக் கவிழ்த்தது ஒரே தப்பு. செத்தவர் எல்லாரையும் ‘பேய்’ என்று எழுதினேன். தைவானின் சன்சியா வட்டாரத்தில் களஆய்வு செய்த மானிடவியலாளர் ஆர்தர் வுல்ஃபின் 1974ஆம் ஆண்டுக் கட்டுரையை மனப்பாடமாக வைத்திருந்தேன்: தெய்வம் அதிகாரி, முன்னோர் சொந்தம், பேய் அந்நியர். ஒப்பிக்க முடிந்தது, புரியவில்லை.

சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம், செத்தவர்களுக்குப் படையல் வைக்கும் மாதம், பினாங்கு வீட்டுக்குப் போனபோதுதான் புரிந்தது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி, உள்ளே மாமனார் படத்துக்கு முன் சோறும் கோழியும் வைத்தார். பிறகு இன்னொரு தட்டோடு வெளியே வந்து, சாக்கடையோரப் புல்லில் ஊதுபத்தியைக் குத்தினார். யாருக்கு என்று கேட்டேன். “யாருமில்லாதவங்களுக்கு” என்று மலாயில் சொன்னார்.

அந்தப் பதிலை வைத்தே பகுதி ஆ முழுவதையும் எழுதினேன். எந்தப் படமானாலும் ஒரே கேள்வி: இந்தச் செத்தவருக்குப் படையல் வைக்க ஆள் உண்டா?

‘மிஸ்டர் வாம்பயர்’ (1985) என்றால் துள்ளும் பிணம், மஞ்சள் மந்திரத்தாள், புளுட் (ஒட்டும்) அரிசி என்றே பக்கம் நிரப்பத் தோன்றும். கல்லறையில் நில்லுங்கள். ஒரு கிழவர் நல்ல இடத்தை மிரட்டிப் பறித்ததற்குப் பழிவாங்க, பெங்சுயி (சீன மனையடி சாத்திரம்) பார்த்தவர் அவர் உடலைத் தப்பாகப் புதைக்கச் சொல்கிறார். இருபது வருடம் கழித்துத் தோண்டினால் உடல் அழுகவில்லை. அந்தக் கிழவர் சொந்த மகனையே கொல்கிறார். முன்னோர் பேயாகும் இடம் அது.

‘எ சைனீஸ் கோஸ்ட் ஸ்டோரி’ (1987) வந்தால் பழைய சீன எழுத்தாளர் பூ சோங்லிங்கின் மூலக் கதையோடு ஒப்பிடுங்கள். கதையில் பேய்ப்பெண்ணின் எலும்பை நாயகன் எடுத்துப்போய்ப் புதைத்தபின் அவள் அவன் மனைவியாகிப் பிள்ளையும் பெறுகிறாள். படத்தில் மறுபிறவிக்காகப் பிரிகிறாள். கல்யாணமாகாமல் செத்த மகளுக்குப் பிறந்த வீட்டுப் பூசைமேடையில் இடமில்லை என்ற வழக்கத்தைச் சேர்த்தால் விடை தானாக விரியும்.

மற்றவை:
- தாவோயிசமா பௌத்தமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஏழாம் மாதத் திருநாள் தாவோயிசருக்குச் சோங்யுவான், பௌத்தருக்கு உல்லம்பனம். வீட்டில் படையல் ஒன்றுதான்.
- சீனப் பெருநிலப் படங்களில் பேய் கடைசியில் மனப்பிரமையாவதற்குத் தணிக்கையைக் காரணம் காட்டுங்கள். ‘பகுத்தறிவு’ என்று எழுதி மதிப்பெண் இழந்தேன்.
- மூன்று படம் போதும். பகலில், நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.
- கோட்பாட்டாளர் பெயர்களை அடுக்க எனக்கு வராது. அடுக்காமலே தேறினேன்.

மலையேறுபவர்களை வழிதவறச் செய்யும் தைவானின் ‘மோசினா’ என்ற ஆவி பற்றிய வினாவுக்கு நேரம் போதாமல் அரைப்பக்கத்தோடு விட்டேன். அது யாருடைய முன்னோரும் இல்லை, தெய்வமும் இல்லை. என் ஒற்றைக் கேள்வி அங்கே செல்லவில்லை. நீங்கள் அந்த வினாவை முதலில் எழுதுங்கள்.