செட்டில்மென்ட் பணம் கவுண்டிக்கு வந்துருச்சு, ஆனா ஜெயில் வாசலுக்கு வர்றதுக்குள்ள...

ஒருவழியா முதல் ரீஇம்பர்ஸ்மென்ட் செக் (நாம செலவு பண்ணினதைத் திருப்பித் தர்ற பணம்) கைக்கு வந்துருச்சு. எரிச்சல் இன்னும் அடங்கல, அதனால சூட்டோட சூடா எழுதிடறேன். நார்த் கரோலினாவுல சின்ன நான்-ப்ராஃபிட்ல வாலண்டியரா இருக்கறவங்க யாராச்சும் ஓப்பியாய்டு (போதைக்கு அடிமையாக்கற வலி மருந்து வகை) செட்டில்மென்ட் பணத்துக்காக கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) படியேறப் போறீங்கன்னா இதை ஒரு தடவை படிச்சுட்டுப் போங்க.

நான் ஒரு ரீஎன்ட்ரி (சிறையில இருந்து வெளிய வர்றவங்களை மறுபடி நிலைக்க வெக்கற) அமைப்புல கணக்கு வழக்கு பாக்கறேன். ஜெயில்ல இருந்து வர்றவங்கள்ல போதைல இருந்து மீண்டுக்கிட்டு இருக்கறவங்களுக்கு தங்க எடம், மருந்து, ஐடி, கூட வர ஒரு ஆள், இதான் எங்க வேலை. பணம் எங்கேர்ந்து வருதுன்னு தெரிஞ்சிருக்கும். மெக்கெசன், கார்டினல் ஹெல்த், அமெரிசோர்ஸ்பெர்கன்னு மூணு மருந்து டிஸ்ட்ரிப்யூட்டருங்க, மருந்து தயாரிக்கற ஜான்சன் அண்ட் ஜான்சன், இந்த நாலு பேரும் சேர்ந்து ஓப்பியாய்டு வழக்குகளை முடிச்சுக்க நாடு முழுக்க 26 பில்லியன் டாலர் வரைக்கும் குடுக்கறதா 2021-ல ஒத்துக்கிட்டது, அதுல டிஸ்ட்ரிப்யூட்டருங்க பங்கு 18 வருஷ தவணை. எங்க ஸ்டேட்டுக்கு வர்ற பங்குல 15 சதவீதம்தான் ஸ்டேட் தனக்கு வெச்சுக்குது, மிச்சம் 85 கவுண்டி மாதிரி லோக்கல் அரசாங்கங்களுக்குத்தான். கேக்க எவ்ளோ நல்லா இருக்கு! கடவுள் வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க.

அப்ளிகேஷன், இன்டர்வியூ எல்லாம் சுமுகம். கவுண்டியை நடத்தற கமிஷனர்ஸ் மீட்டிங்ல ஒருமனசா பாஸ் பண்ணி எங்களோட நின்னு போட்டோ கூட எடுத்துக்கிட்டாங்க.

அப்புறம்தான் கவுண்டி அட்டார்னி (கவுண்டியோட வக்கீல்) ஆபீஸ்ல இருந்து ஸ்டாப் வந்துச்சு. ஸ்டேட்டுக்கும் கவுண்டிகளுக்கும் நடுவுல ஒரு ஒப்பந்தம் இருக்கு, அதுப்படி இந்தப் பணத்துல கை வெக்கணும்னா கமிஷனர்ஸ் பாஸ் பண்ற ரிசொல்யூஷன்ல (தீர்மானத்துல) மூணு விஷயம் இருந்தே ஆகணும்: எந்த ஸ்ட்ராட்டஜி, அது எக்சிபிட்ல (ஒப்பந்தத்தோட இணைச்சிருக்கற பட்டியல்ல) எத்தனாவது நம்பர், அதுக்கு எவ்ளோ பணம் எந்தக் காலத்துக்கு. எங்களோடதுல 'ரிகவரி மற்றும் ரீஎன்ட்ரி சேவைகள்'னு அழகா எழுதியிருந்தாங்க, நம்பர் மட்டும் இல்ல. எக்சிபிட் ஏ-ல ரிகவரி சப்போர்ட் 3, ரிகவரி ஹவுசிங் 4, ரீஎன்ட்ரி ப்ரோக்ராம் 12. இந்த மூணு நம்பர் இல்லாததுக்கு அடுத்த மீட்டிங் வரைக்கும் எல்லாத்தையும் நிறுத்தி வெச்சாங்க. ட்ராஃப்ட் எழுதினது அவங்க ஆளு, காத்துக்கிட்டு இருந்தது நாங்க. அதனால அஜெண்டா பாக்கெட் (மீட்டிங்குக்கு முன்னாடி போடற காகிதக் கட்டு) வெளிய வந்த அன்னைக்கே ட்ராஃப்ட்டை வாங்கிப் படிச்சு நம்பர் இருக்கான்னு பாத்துருங்க, மீட்டிங் முடிஞ்சப்புறம் பாத்து பிரயோஜனம் இல்ல. இன்னொண்ணு, ஆப்ஷன் ஏ-லயே, அதாவது எக்சிபிட் ஏ பட்டியலுக்குள்ளயே, அடங்கற மாதிரி கேளுங்க, ஆப்ஷன் பி-ன்னா கவுண்டி தனியா ஒரு பெரிய ப்ளானிங் ப்ராசஸ் முடிச்சாத்தான் உண்டு.

இது கூட பரவால்ல. உண்மையான கூத்து ஜெயில்ல.

அப்ளிகேஷன்ல 'லிவ்டு எக்ஸ்பீரியன்ஸ்' (தானே பட்ட அனுபவம்) உள்ள ஆள் இருந்தா எக்ஸ்ட்ரா மார்க்குன்னு போட்டிருந்தாங்க. எங்க பியர் சப்போர்ட் ஸ்பெஷலிஸ்ட் (கூட நின்னு கை குடுக்கறவரு) தானே உள்ள இருந்துட்டு வந்தவரு, பல வருஷமா போதைய தொடாதவரு, ஸ்டேட் சர்ட்டிஃபிகேட் வெச்சிருக்காரு, அந்த சர்ட்டிஃபிகேட்டே தான் மீண்டு வந்த அனுபவம் இருக்கறவங்களுக்குத்தான் குடுக்கறாங்க. அவரை ரிலீசுக்கு முன்னாடியே உள்ள அனுப்பி ஆளுங்களைப் பாக்க வெக்கறதுதான் எங்க திட்டமே. ஜெயில் க்ளியரன்ஸ் ஃபார்ம்ல ஒரு பெட்டி, ஃபெலனி (பெரிய குற்றத்துல தண்டனை) உண்டா இல்லையா. உண்டுன்னு டிக் பண்ணாரு. பதில் ஒரே வரில வந்துச்சு, டினைட். காரணம் கிடையாது, அப்பீல் யாருகிட்டன்னு கிடையாது. ஜெயில் அனுபவம் இருக்குன்னு மார்க் போட்டதும் கவுண்டி கட்டிடம், ஜெயில் அனுபவம் இருக்குன்னு கதவை சாத்தினதும் அதே தெருவுல இருக்கற இன்னொரு கட்டிடம். மெயிலைக் காட்டினப்ப அவரு சிரிச்சாரு, எனக்குத்தான் பத்திக்கிட்டு வந்துச்சு.

கவுண்டி மேனேஜர் ஆபீஸ்ல போய் கேட்டா கையை விரிக்கறாங்க. இங்க ஜெயிலை நடத்தற ஷெரிஃப் தனியா எலெக்‌ஷன்ல ஜெயிச்சு வர்றவரு, கமிஷனர்ஸ் பட்ஜெட் குடுப்பாங்க, ஆனா ஜெயிலுக்குள்ள யாரு போகலாம்னு அவங்க உத்தரவு போட முடியாது. அப்போ போட்டோல சிரிச்ச எல்லாருக்கும் இது தெரியும்தானே? அப்ளிகேஷனோடவே ஷெரிஃப் ஆபீஸ்ல இருந்து ஒரு லெட்டர், பேரைப் போட்டு இன்னாரை உள்ள விடுவோம்னு வாங்கி வெச்சுக்கோங்க. 'ஒத்துழைப்போம்'னு பொதுவா இருக்கற லெட்டர் குப்பைக்கு சமம்.

இந்த இழுபறிலயே எங்க லிஸ்ட்ல இருந்த ஒருத்தரை ராத்திரில ரிலீஸ் பண்ணி அனுப்பிட்டாங்க, எங்களுக்கு ஒரு போன் இல்ல, பஸ் நின்னு போன நேரம், கைல சார்ஜ் இல்லாத செல்லு. நல்லவேளை அவரோட அக்கா மறுநாள் கூப்பிட்டாங்க. உள்ள இருக்கும்போது உடம்புக்கு போதை தாங்கற சக்தி எறங்கிடும், வெளிய வந்து பழைய அளவே எடுத்தா ஆள் காலி. எங்க ஸ்டேட்லயே 2000-ல இருந்து 2015 வரைக்கும் ப்ரிசன்ல இருந்து வந்தவங்களை வெச்சு ஒரு ஆய்வு பண்ணியிருக்காங்க, முதல் ரெண்டு வாரத்துல ஓப்பியாய்டு ஓவர்டோஸ்ல சாகற அபாயம் மத்த ஜனங்களை விட 40 மடங்கு. அந்தப் பேப்பரை ப்ரிண்ட் எடுத்து அந்த வரிக்கு மஞ்சள் கோடு போட்டு ஜெயில் கேப்டன் மேசைல வெச்சேன். படிச்சாரு, ரெண்டாவது தடவையும் படிச்சாரு. அதுக்கப்புறம்தான் வக்கீலுங்க உக்கார்ற ரூம்ல, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பாக்கலாம்னு எங்க ஆளுக்கு தனி பர்மிஷன் வந்துச்சு, ரிலீஸ் லிஸ்ட்டும் காலைல மெயில்ல வருது. இந்த மொத்த கூத்துல மனசு குளிர்ந்தது அந்த ஒரு நாள்தான்.

ஹவுசிங்ல வேற தலைவலி. ஒரு வீட்ல சப்பாக்சோன் (ஓப்பியாய்டு போதைல இருந்து மீள குடுக்கற மருந்து) எடுக்கறவரை சேக்க மாட்டோம்னுட்டாங்க. டாக்டர் சீட்டு இருக்கற மருந்துய்யா அது! இப்படி மறுக்கறது டிஸெபிலிட்டி சட்டத்துக்கு விரோதம்னு ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் 2022 ஏப்ரல்ல தெளிவாவே எழுதி வெளியிட்டிருக்கு, அதை அனுப்பினதும் குரல் மாறிடுச்சு. அதுக்குள்ள நாங்க அவரை ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸ் (போதைல இருந்து மீள்றவங்க சேர்ந்து தங்கற வீடு) ஒண்ணுல சேத்துட்டோம். அங்க மேனேஜர்னு யாரும் கிடையாது, தங்கியிருக்கறவங்களே தலைவர், பொருளாளர்னு ஓட்டு போட்டு தேர்ந்தெடுத்து வீட்டை நடத்தறாங்க. எனக்கு ரொம்பப் புடிச்ச ஏற்பாடு, ஆனா ரசீது அந்தப் பொருளாளர் கையால எழுதினது. கவுண்டி ஃபைனான்ஸ் அதைத் திருப்பி அனுப்பிட்டு, 'மேனேஜ்மென்ட் கம்பெனி லெட்டர்ஹெட்ல இன்வாய்ஸ் வேணும்'ங்கறாங்க. கம்பெனியே இல்லம்மா, லெட்டர்ஹெட்டுக்கு எங்க போறது? கடைசில வீட்டோட பேங்க் ஸ்டேட்மென்ட், டபிள்யூ-9 (வரி நம்பர் குடுக்கற ஃபார்ம்), அந்த ரசீது மூணையும் பின் பண்ணிக் குடுத்து சமாளிச்சோம். எந்த டாக்குமென்ட் செல்லும்னு கான்ட்ராக்ட் கையெழுத்துக்கு முன்னாடியே ஃபைனான்ஸ்கிட்ட மெயில்ல எழுதி வாங்கிருங்க, வாய்ல சொன்னது செல்லாது.

மெடிகெய்டுல (வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) ஆச்சரியமா பிரச்சனையே இல்ல. 2023 டிசம்பர்ல இங்க விரிவாக்கினப்புறம் தனியா இருக்கற ஆம்பளைங்களுக்கும் வருமானம் கம்மின்னா கிடைக்குது. அதனால மருந்துச் செலவை செட்டில்மென்ட் பணத்துல போடாதீங்க, ஏற்கெனவே வேற எடத்துல இருந்து வர்றதுக்கு இதைப் போட்டா ஆடிட்ல நோண்டுவாங்க. கார்டு கைக்கு வர்ற வரைக்கும் நடுவுல விழற அந்தச் சில நாள் மருந்துக்கு மட்டும் தனியா ஒரு லைன் வெச்சு அப்ரூவல் வாங்கிக்கோங்க.

எல்லாத்துக்கும் மேல, இது ரீஇம்பர்ஸ்மென்ட், முதல்ல நாம செலவு பண்ணணும். வாடகை, சம்பளம் எல்லாம் எங்க போர்டு மெம்பர் ஒருத்தர் குடுத்த கைமாத்துல ஓடுச்சு, அது இல்லாத அமைப்பு என்ன பண்ணும்னு நான் கேட்டதுக்கு ஃபைனான்ஸ்ல யாருக்கும் பதில் தெரியல. அடுத்த வருஷ கான்ட்ராக்ட்ல மூணு மாசச் செலவை முன்பணமா குடுங்கன்னு எழுத்துல கேட்டிருக்கோம். அட்டார்னி பாக்கறேன்னு சொல்லியிருக்காரு.