நிலுவைப் பில்லும் ஐடிஐ பையன்களும்

வேலைவாய்ப்பு பெருகாததற்குத் தொழிலாளர் சட்டங்களே காரணம் என்று சொல்வது நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். 100 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் ஆலை, ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி பெற வேண்டும் என்றிருந்த வரம்பை, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு 300 ஆக உயர்த்தியதும் அந்த வாதத்தின் பேரில்தான். மதுரை கோ.புதூர் சிட்கோ தொழிற்பேட்டையில் நான் கணக்கு எழுதிக் கொடுக்கும் பட்டறைகளில் ஒன்றில்கூடப் பத்துப் பேருக்கு மேல் இல்லை. வரம்பு 100 ஆனாலும் 300 ஆனாலும் அவர்களுக்கு ஒன்றுதான்.

அங்கே ஆள் எடுப்பதைத் தீர்மானிப்பது நிலுவையில் நிற்கும் பில்.

ஒரு லேத் பட்டறையின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பெரிய நிறுவனம் அனுப்பும் வார்ப்புகளைக் கடைந்து, துளையிட்டு, டெலிவரி சலானுடன் திருப்பி அனுப்புகிறார்கள். சலானில் முத்திரை விழுந்தபின் பணம் வந்து சேர மூன்று மாதமும் ஆகலாம், ஐந்து மாதமும் ஆகலாம். அதற்குள் சனிக்கிழமைதோறும் கூலி கொடுக்க வேண்டும், மின் கட்டணம் கட்ட வேண்டும். எல்லாவற்றையும்விடக் கொடுமை, கைக்கு வராத பணத்துக்கு அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டியும் செலுத்தியாக வேண்டும். இரண்டாவது லேத் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. அரசு ஐடிஐ புதூரிலேயே இருப்பதால், டர்னர் படித்த பையன்கள் வந்து கேட்டுப் போகிறார்கள். "பையன் கெட்டிக்காரன்தான் சார், மார்ச் பில்லே இன்னும் வரலை, எதை வச்சுச் சம்பளம் போடுறது?" என்கிறார் உரிமையாளர்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பணம் 45 நாட்களைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. கேட்பதற்குக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. மனுப் போட்ட மறுநாளே ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும் என்று அஞ்சுகிறவர் எங்கே மனுப் போடுவார்?

புதிதாக ஆள் எடுக்கும் முதலாளிக்கு ஒரு தொழிலாளிக்கு மாதம் 3,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை தரும் மத்திய அரசுத் திட்டம் 2025 ஆகஸ்ட் 1 முதல் நடக்கிறது. அதற்கு நிறுவனம் வருங்கால வைப்பு நிதியில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 50 பேருக்குக் குறைவானவர்கள் இரண்டு பேரையாவது கூடுதலாக எடுத்து ஆறு மாதம் வைத்திருக்கவும் வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் வைப்பு நிதி கட்டாயம் என்னும்போது, பத்துப் பேர் பட்டறைக்கு இத்திட்டம் எட்டாக்கனிதான்.

என் பார்வையில், இதைவிடப் பயன் தரக்கூடியது ட்ரெட்ஸ் என்னும் மின்னணுத் தளம். வாங்கிய நிறுவனம் பில்லை ஏற்றுக்கொண்டால், வங்கிகள் ஏலம் கேட்டு, சிறு கழிவோடு பட்டறைக்காரருக்கு உடனே பணம் தந்துவிடும். பிறகு அந்த நிறுவனத்திடம் வசூலிப்பது வங்கியின் பாடு. ஆண்டு விற்பனை 250 கோடி ரூபாயைத் தாண்டும் நிறுவனங்கள் இதில் சேர்ந்தாக வேண்டும் என்று அரசு ஆணையிட்டிருக்கிறது. ஆனால் சேர்ந்த பின் ஒவ்வொரு பில்லையும் அங்கே ஏற்றுவது தனியார் நிறுவனங்களின் விருப்பம். தொழிலாளர் சட்டத்தைத் திருத்தக் காட்டிய ஆர்வத்தில் பாதியைக் காட்டினால் போதும், அந்த விருப்பத்தைக் கட்டாயமாக்கிவிடலாம்.