டியூக் வீட்டு வாடகையும் டாக்ஸி கூலியும்: சாட்ஸ்வொர்த் போய்வந்த கதை

ஒருத்தர் வீட்டைச் சுற்றிப் பார்க்க ஆளுக்குக் கிட்டத்தட்ட முப்பது பவுண்ட். நம்ம காசில் மூவாயிரம் ரூபாயைத் தாண்டும். உள்ளே போனால் ஒரு வாய் காபி கிடையாது, அதற்குத் தனிக் காசு. இந்தக் கடுப்போடுதான் நான், அம்மா, ஷெஃபீல்டில் படிக்கும் தம்பி மூவரும் இங்கிலாந்தின் டெர்பிஷைரில் இருக்கும் சாட்ஸ்வொர்த் மாளிகைக்குக் கிளம்பினோம். வெளியே வரும்போது அந்த வீட்டுக்காரர்களை நினைத்து எனக்குப் பரிதாபமாகிவிட்டது. 35,000 ஏக்கர் வைத்திருக்கிறவர்கள்மேல் பரிதாபமா என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன்.

முதலில் அந்த பஸ். ஷெஃபீல்டிலிருந்து பேக்வெல் போகும் பஸ் மாளிகைக்கே போகிறது, டிக்கெட் மூன்று பவுண்ட். அன்று மலிவாகக் கிடைத்தது அது ஒன்றுதான். பஸ்ஸும் அந்த விலைக்கு ஏற்றாற்போல் இருந்தது. நாற்பது நிமிடம் மழையில் நிற்கவைத்துவிட்டு வந்தது. மாடியில் முன்சீட் காலியாக இருந்ததைப் பார்த்து ஓடி உட்கார்ந்தால், ஜன்னல் பாதிக்குமேல் மூட மறுக்கிறது. ஹீட்டர் காலடியில் கடகடவென்று சத்தம் போட்டதே தவிர, சூடு வரவில்லை. ஊரைத் தாண்டியதும் மரமே இல்லாத மேட்டுவெளி. அந்தக் காற்றில் அம்மா மங்கி கேப்பை இழுத்துக் கண் மட்டும் தெரிய உட்கார்ந்துவிட்டார். வளைவுக்கு வளைவு யாரோ விட்டுப்போன காலி பாட்டில் ஒன்று சீட்டுக்கு அடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருண்டுகொண்டே வந்தது. எஸ்டேட்டுக்குள் நுழைந்ததும் நடுரோட்டில் ஓர் ஆடு படுத்திருந்தது. டிரைவர் ஹாரன்கூட அடிக்கவில்லை, எழுந்து போகட்டும் என்று காத்திருந்தார். அதில் பாதி மரியாதை பஸ் ஸ்டாப்பில் நின்ற எங்களுக்குக் கிடைத்திருக்கலாம்.

அப்புறம் மரங்கள் விலகி மாளிகை தெரிந்தது. ஆறு, கல் பாலம், பின்னால் காடு. ஜன்னல் சட்டங்களுக்கெல்லாம் தங்க ரேக் ஒட்டியிருக்கிறார்கள், மழை வெளிச்சத்திலும் மின்னுகிறது. தம்பி போனை எடுத்தான். அம்மா கேட்டது ஒரே கேள்வி: "இத்தனை ஜன்னலையும் யாருடா தொடைப்பா?"

அந்தக் கேள்விதான் இந்தக் குடும்பத்தின் ஐந்நூறு வருடக் கதை. கூரை மட்டும் 1.3 ஏக்கர். 17 மாடிப்படிகள், 359 கதவுகள், இரண்டாயிரத்துக்கும் மேல் பல்புகள். ஒரு பல்பு ஃப்யூஸ் போனால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விடுகிற வீட்டில் பிறந்தவள் நான். எனக்கு மயக்கமே வந்தது. 2018இல் முடிந்த பராமரிப்பு வேலைக்கு மட்டும் 32 மில்லியன் பவுண்டுக்கு மேல் ஆனதாம். நம்ம முப்பது பவுண்ட் எந்த மூலைக்கு?

இடத்தை 1549இல் வாங்கியவர்கள் வில்லியம் கேவண்டிஷும் அவர் மனைவி பெஸ் ஆஃப் ஹார்ட்விக்கும். பெஸ் அம்மையார் நாலு கல்யாணம் செய்தவர், கேவண்டிஷ் இரண்டாவது. நாலாவது கணவர் ஷ்ரூஸ்பரி பிரபு. ஸ்காட்லாந்து ராணி மேரியைச் சிறைக்காவலில் வைத்திருக்கும் பொறுப்பை எலிசபெத் அரசி அவர் தலையில் கட்டினார். 1569 முதல் 1584 வரை, சாட்ஸ்வொர்த்திலும் பிரபுவின் மற்ற வீடுகளிலுமாக அந்தக் கைதி. ராணி என்றால் பரிவாரம், பரிவாரம் என்றால் சாப்பாடு. அரசி கொடுத்த படி போதவில்லை, பாக்கியைப் பிரபு கைக்காசில் போட்டார். கல்யாணமும் அதோடு கசந்து பிரிவில் முடிந்தது. அழையா விருந்தாளியால் குடும்பம் உடைவதற்குக் கோட்டை கொத்தளம் தடையில்லை.

பேரைப் பற்றி ஒரு வார்த்தை. இவர்கள், அதாவது இந்தக் கேவண்டிஷ் குடும்பம், டெவன்ஷைர் டியூக்குகள் (டியூக் என்பது பிரபுக்களில் உச்சப் பட்டம்), இருப்பதோ டெர்பிஷைரில். ஏன் என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

உள்ளே பெயின்டட் ஹாலில் சுவரும் கூரையும் முழுக்க ஜூலியஸ் சீசர் கதை. கழுத்து வலித்ததுதான் மிச்சம். எனக்குப் பிடித்தது சங்கீத அறைக் கதவு. உள்கதவு ஒன்றில் வெள்ளி நிறக் குமிழில் வயலின் தொங்குகிறது, வில்லும் கூடவே. அத்தனையும் வெறும் பெயின்ட். தந்தியின் நிழல் கூடக் கதவில் விழுகிறது. எட்டிப் பார்த்தேன், தலையைச் சாய்த்துப் பார்த்தேன், கிட்டப் போகப் போகத்தான் வயலின் தட்டையாகிறது. யான் வான் டெர் வார்ட் வரைந்தது. முப்பதில் பத்து பவுண்ட் அந்தக் கதவுக்கே சரி.

ஐந்தாவது டியூக்கின் மனைவி ஜார்ஜியானா படத்துக்கு முன்னால் கூட்டம். லண்டனே அவரைப் பார்த்து உடை தைத்துக்கொண்ட காலம் அது. சூதாட்டத்தில் கடன் ஏறிக்கொண்டே போனது, எவ்வளவு என்று கணவரிடம் முழுசாகச் சொன்னதே இல்லை. உயிர்த்தோழி எலிசபெத் ஃபாஸ்டர் அதே வீட்டில் தங்கி டியூக்குக்குப் பிள்ளையும் பெற்றார். 1806இல் ஜார்ஜியானா போய்ச் சேர்ந்தபின் 1809இல் தோழியே டச்சஸ், அதாவது டியூக்கின் மனைவி. நம்ம ஊர் மெகா சீரியல் எழுதுகிறவர்கள் இந்தப் பக்கம் வந்தால் பத்து வருடத்துக்குக் கதை கிடைக்கும்.

ஜார்ஜியானாவின் மகன், ஆறாவது டியூக், கல்யாணமே செய்துகொள்ளவில்லை. காசையெல்லாம் வீட்டிலும் தோட்டத்திலும் கொட்டினார். தோட்டக்காரர் ஜோசஃப் பாக்ஸ்டன் கில்லாடி. ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கோலஸ் வரப்போகிறார் என்று 1844இல் ராத்திரி பகலாக மலைமேல் ஏரி வெட்டி, அந்த நீரின் அழுத்தத்திலேயே பீறிடும் ஊற்று ஒன்றை அமைத்தார். 296 அடி வரை எழுந்ததாகப் பதிவு இருக்கிறது, மோட்டார் எதுவும் கிடையாது. சக்கரவர்த்தி வரவே இல்லை. சம்பந்தி வருகிறார் என்று வெள்ளையடித்து, பலகாரம் சுட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்த எந்த வீட்டுக்கும் இந்த வயிற்றெரிச்சல் புரியும். ஊற்றுக்கு மட்டும் வெட்கமில்லாமல் இன்னும் 'எம்பரர்' என்றே பேர்.

இதே பாக்ஸ்டன் 1830களில் கண்ணாடி வீட்டில் ஒரு குட்டை வாழையை வளர்த்துக் காய்க்க வைத்தார், எஜமானர் குடும்பப் பெயரே அதற்கு வந்தது. கேவண்டிஷ். இன்று உலகச் சந்தையில் விற்கும் வாழைப்பழத்தில் பெரும்பங்கு அந்த வகைதான், நம்ம கடையில் நிறுத்துத் தரும் ரோபஸ்டா பச்சைப் பழமும் அதில் சேர்த்தி. அம்மாவிடம் சொன்னேன். "சளி பிடிக்கும்னு உனக்கு வாங்கியே தரமாட்டேனே, அந்தப் பழமாடி? அதுக்கா இவ்ளோ பெரிய மாளிகை?"

பாக்ஸ்டனின் ராட்சதக் கண்ணாடி வீடு இப்போது இல்லை. முதல் உலகப் போரில் சூடேற்ற நிலக்கரி கிடைக்காமல் செடிகள் செத்தன, 1920இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அடுத்த போரில் மாளிகையையே வேல்ஸிலிருந்து வந்த பெண்கள் பள்ளிக்கு விட்டார்கள். ராஜா படுக்கையறைகளில் வரிசையாகக் கட்டில் போட்டுப் பிள்ளைகள் தூங்க, அவர்கள் மூச்சின் ஈரத்தில் ஓவியங்களுக்குப் பின்னால் பூஞ்சை பிடித்ததாம்.

இனிதான் நான் பரிதாபப்பட்ட இடம். மூத்த மகனுக்கே எல்லாம் என்ற முறையால்தான் இந்தச் சொத்து துண்டாகாமல் இருந்தது. நம்ம ஊராக இருந்தால் பங்காளிகள் அந்த 359 கதவுகளை எண்ணிப் பிரித்திருப்பார்கள். ஆனால் மூத்தவன் போய்விட்டால்? வாரிசான வில்லியம் 1944 மே மாதம் ஜான் கென்னடியின் தங்கை கேத்லீனைக் கல்யாணம் செய்தார். செப்டம்பரில் பெல்ஜியத்தில் துப்பாக்கிக் குண்டுக்குப் பலி. கேத்லீன் 1948இல் விமான விபத்தில் போனார். அவர் கல்லறை எஸ்டேட் கிராமமான எடென்சரின் தேவாலய வளாகத்தில் இருக்கிறது, 1963 ஜூனில் அமெரிக்க அதிபராகக் கென்னடி வந்து பார்த்துவிட்டுப் போனார். பூங்கா வழியாக நடந்து போய்ப் பார்த்தோம். அங்கே டிக்கெட் இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

வில்லியமின் அப்பா, பத்தாவது டியூக், செத்தபின் சொத்துமேல் விழும் வரிக்குத் தப்பிக்கச் சொத்தை முன்கூட்டியே மகன் பக்கம் மாற்றிவைத்திருந்தார். மாற்றியபின் ஐந்து வருடம் உயிரோடு இருக்க வேண்டும், அதுதான் சட்டம். 1950 நவம்பரில் விறகு வெட்டிக்கொண்டிருந்தவர் மாரடைப்பில் சரிந்தார். பாக்கி நாலு மாதம்கூட இல்லை. வரி 80 சதவீதம். இந்தியாவிலும் எஸ்டேட் டூட்டி என்று இதே மாதிரி ஒன்று இருந்தது, 1985இல் எடுத்துவிட்டார்கள். அதனால் நாம் தப்பித்தோம் என்று சொல்லலாம்தான், வரி போட நம்மிடம் ஏதாவது இருந்திருந்தால். இளைய மகன் ஆண்ட்ரூவும் மனைவி டெபோராவும் வரிக்காரர்களோடு 17 வருடம் பேசித் தீர்த்தார்கள். பெஸ் கட்டிய ஹார்ட்விக் ஹால் மாளிகையே வரியில் போனது, ரெம்ப்ராண்ட் முதலான ஓவியங்களும் போயின. பிற்பாடு பழைய ஓவிய மேதைகளின் கோட்டுப்படங்களை ஐந்தரை மில்லியன் பவுண்டுக்கு பிரிட்டிஷ் மியூசியத்துக்குத் தருவதாகச் சொன்னார்கள், மியூசியம் பேரம் பேசியது, படியவில்லை. 1984இல் ஏலம் விட்டால் 21 மில்லியன்! இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து பேரம் பேசவே எனக்குப் பயமாக இருக்கிறது.

டெபோராவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். மிட்ஃபோர்ட் சகோதரிகள் ஆறு பேரில் கடைக்குட்டி. ஓர் அக்கா ஹிட்லர் பக்தை, ஓர் அக்கா கம்யூனிஸ்ட், இன்னொருவர் பிரிட்டிஷ் பாசிஸ்ட் தலைவர் மோஸ்லியின் மனைவி. தீபாவளிக்கு எல்லாரையும் ஒரே பந்தியில் உட்காரவைக்க முடியுமா? இவர் கோழி வளர்த்தார், எல்விஸ் பிரெஸ்லி ரசிகை. 1959இல் இந்த வீட்டுக்குக் குடிவந்து, நகரத்துப் பிள்ளைகள் பால் கறப்பதைப் பார்க்க 1973இல் தொழுவத்தைத் திறந்துவிட்டார், 1977இல் பண்ணைக் கடை போட்டார். டச்சஸ் கடை போடுவதா என்று முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள், எனக்கோ அந்த வீட்டில் பிறந்த, வாழ்ந்த அத்தனை பேரிலும் இவர்தான் கெட்டிக்காரி. 1981இல் மாளிகை ஓர் அறக்கட்டளை கைக்குப் போனது. இப்போது டியூக் குடும்பம் தாங்கள் குடியிருக்கும் பகுதிக்கு வாடகை கட்டுகிறது! 2010இல் பரண் சாமான்களை ஏலம் விட்டதில் 6.5 மில்லியன் பவுண்ட் வந்தது. எங்கள் வீட்டுப் பரணில் ஓட்டை வாளியும் பழைய கொலுப்படியும்தான், அம்மாவுக்கு அதையும் கொடுக்க மனசு வராது.

சாப்பாடு பேக்வெல்லில். பேக்வெல் புட்டிங் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். சூப்பர் மார்க்கெட்டில் டப்பாவில் வரும் டார்ட் வேறு, அதை மறந்துவிடுங்கள். இது அடுக்கடுக்கான மெல்லிய மாவுக்குள் ஜாம், அதற்கு மேல் முட்டையும் பாதாமும் நெய்யாக உருகிய கலவை. சூடாக, சுடச்சுட கஸ்டர்ட் ஊற்றிக் கொடுத்தார்கள். ஓரம் மொறுமொறு, நடுவில் கரண்டி வைத்தால் தளதளவென்று ஆடுகிறது. எங்கள் கடைதான் ஒரிஜினல் என்று அந்தச் சின்ன ஊரில் ஒன்றுக்கு மேற்பட்ட கடைக்காரர்கள் போர்டு மாட்டியிருக்கிறார்கள், திருநெல்வேலி அல்வாக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். முட்டை வாசனை என்று மூக்கைச் சுளித்த அம்மா, என் தட்டிலிருந்தும் எடுத்துக்கொண்டார்.

திரும்புகிற கடைசி பஸ் வரவே இல்லை. அறிவிப்பு இல்லை, ஸ்டாப்பில் இருந்த திரை 'வந்துகொண்டிருக்கிறது' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. தம்பி டாக்ஸிக்குப் போன் போட்டான். நாற்பது பவுண்ட் என்றார்கள், வயிறு எரிந்தாலும் ஏறினோம். வீட்டு வாசலில் இறங்கும்போது டிரைவர் ஐம்பத்தைந்து கேட்கிறார். பத்து, சனிக்கிழமை ராத்திரிக்கு. ஐந்து, எங்கள் செருப்புச் சேறு மிதியடியில் ஒட்டியதற்கு. தம்பி ஆங்கிலத்திலும் அம்மா தமிழிலும் சண்டை போட்டார்கள், அம்மாவின் தரப்பு பலமாக இருந்தது. டிரைவர் சேற்றுக் காசை மட்டும் விட்டுக்கொடுத்தார். "அந்தம்மா கடை வெச்சு வீட்டைக் காப்பாத்தினா. இவன் டாக்ஸி ஓட்டியே மாளிகை கட்டிடுவான்" என்று படியேறும் வரை அம்மா விடவில்லை.

மறுநாள் காலை அந்தக் கம்பெனியிலிருந்து, பயணம் எப்படி இருந்தது, நட்சத்திரம் கொடுங்கள் என்று மெசேஜ். தம்பி இன்னும் டைப் பண்ணிக்கொண்டிருக்கிறான்.