மூன்று ஆண்டுகளின் விலை

மொரிசியசின் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் என்ற அரசுக் கல்வி நிறுவனத்தின் வாயிலில் இன்று அக்கா மகள் தமிழ் இளங்கலை விண்ணப்பத்தை முழுவதும் நிரப்பிவிட்டு, கையெழுத்திடும் இடத்தில் மட்டும் பேனாவை நிறுத்திவிட்டாள்.

"படித்து முடித்தால் வேலை கிடைக்குமா, மாமா?"

2019 முதல் மொரிசியசின் அரசுக் கல்வி நிறுவனங்களில் முதல் பட்டத்தை முழுநேரமாகப் படிப்போருக்குக் கல்விக் கட்டணம் இல்லை என்பதால், இதைச் செலவில்லாத படிப்பு என்றே உறவினர் பலரும் சொல்கிறார்கள். ஆனால் சம்பளமின்றிக் கழியும் ஆண்டுகளும், அந்தப் பட்டத்துக்கு உரிய வேலைகள் பெரும்பாலும் பள்ளிகளிலேயே இருப்பதும் அவள் கொடுக்கும் விலைதான்.

அப்படியிருந்தும் நான் படிக்கவே சொன்னேன்.

தொடக்கப் பள்ளிகளில் தமிழை விருப்பப் பாடமாக எடுக்கும் பிள்ளைகளுக்கு, அதை ஆழமாகக் கற்ற ஆசிரியர் வேண்டும்.

வரும் ஆண்டுகளில் எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் காலியாகும் என்பதைச் சேர்க்கைக்கு முன்பே அரசு தெரிவித்தால், இவளைப் போன்றவர்கள் கணக்குப் பார்த்தே முடிவெடுக்க முடியும்.