ஐந்து நிலையங்கள், ஆறு கிலோமீட்டர்

இரண்டு மாதங்களாகியும் மனம் ஆறவில்லை. சிங்கப்பூர்த் தொலைக்காட்சி வினாடி வினாவில் தோற்று வீடு திரும்பிய இரவு, மாமனார் ஒரே வரியில் தீர்ப்பளித்தார்: "அதெல்லாம் பேசி வைத்த ஆட்டம், மாப்பிள்ளை."

விண்ணப்பம், தொலைபேசித் தேர்வு, நேர்முகம் எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. ஒன்று மட்டும்: அடையாள அட்டையின் அசலைக் கொண்டு போங்கள். கைப்பேசியில் காட்டியதை வாயிலில் ஏற்கவில்லை. தெம்பனிஸில் உள்ள வீடு வரை வந்து எடுத்துப் போனேன்.

ஒளிப்பதிவுக்குக் காலை 9 மணிக்கு வரச்சொன்னார்கள். என் சுற்று தொடங்கியபோது மாலை 5. மதிய உணவின்போது, கேள்வி தயாரித்தவரும் என் எதிர்ப் போட்டியாளரும் ஒரே மேசையில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். சந்தேகம் அங்கேயே முளைத்துவிட்டது.

கடைசிக் கேள்வி: 1987 நவம்பர் 7ஆம் தேதி பெருவிரைவு ரயில் சேவை தொடங்கியபோது எத்தனை நிலையங்கள் திறக்கப்பட்டன? நான் "ஐந்து" என்றேன். இயோ சூ காங், அங் மோ கியோ, பீஷான், பிரேடல், தோ பாயோ. அப்பா என்னைத் தோளில் தூக்கிப்போய்க் காட்டிய ரயில் அது. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். படைப்பாளர் "தவறு, ஆறு" என்றார். சரியான விடைக்குப் பத்துப் புள்ளி, தவறானதற்குப் பத்து கழிப்பு. 80-70 என்று தோற்றேன்.

அங்கேயே ஆட்சேபம் சொன்னேன். "நடுவர் முடிவே இறுதியானது என்று கையொப்பமிட்டிருக்கிறீர்கள்" என்றார்கள். உண்மைதான், படிக்காமல் போட்டிருந்தேன். நீங்கள் படியுங்கள், நகல் கேட்டு வாங்காமல் பேனாவை எடுக்காதீர்கள். கைப்பேசியை வாங்கி வைத்துவிடுவதால், வெளியே வந்ததும் கேள்வியைச் சொல்லுக்குச் சொல் எழுதி வையுங்கள். என்னைக் காப்பாற்றியது அந்தத் துண்டுச்சீட்டுதான்.

கையொப்பமிட்ட தாளின் நகலைக் கேட்க அரை நாள் விடுப்பெடுத்துப் போனேன். முகப்பில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "ஒளிபரப்பாகும்வரை எதுவும் பேச முடியாது" என்றார். ஒளிபரப்பான பிறகு பேசி என்ன பயன்?

மாமனார் அமெரிக்கக் கதையை எடுத்தார். 1956இல் 'ட்வென்டி ஒன்' என்ற தொலைக்காட்சி வினாடி வினாவில் ஹெர்பர்ட் ஸ்டெம்பலைத் தெரிந்த விடையையே தவறாகச் சொல்ல வைத்தார்கள். அவரை வென்ற சார்லஸ் வான் டோரன், விடைகள் தமக்கு முன்பே தரப்பட்டதை 1959இல் நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டே அத்தகைய மோசடிக்கு எதிராகச் சட்டம் வந்தது. "அங்கேயே அப்படி என்றால்..." என்று இழுத்தார். நானும் ஏறக்குறைய நம்பிவிட்டேன்.

சனிக்கிழமை, விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகத்தில் பழைய நாளிதழ்களின் நுண்படச் சுருளைப் பார்த்தேன். ஐந்து நிலையங்களின் பெயரும் இருந்தன. அடுத்த வரியில் பாதையின் நீளம்: ஆறு கிலோமீட்டர். யாரோ குறிப்பெடுக்கும்போது வரி மாறியிருக்கிறது! சூழ்ச்சி இல்லை, சரிபார்க்காத அலட்சியம். ஆனால் முறையிட வழியே இல்லாதபோது, தோற்றவனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன.

அச்சுப்படியை இணைத்துத் தயாரிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். பொது மின்னஞ்சலுக்கு மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். நான் அனுப்பிய இரண்டுக்கும் பதிலே இல்லை. கடிதத்தில் இன்னொரு கையொப்பமும் இருந்தது: என் எதிர்ப் போட்டியாளருடையது. தயங்கித்தான் அழைத்தேன். "ஐந்து என்று எனக்கும் தெரியும், தம்பி. அங்கேயே சொல்லாதது என் தவறு" என்று சொல்லி, தேக்கா காப்பிக்கடைக்கே வந்து கையொப்பமிட்டார். கேள்வி தயாரித்தவர் அவரிடம் உயர்நிலை இரண்டில் தமிழ் படித்த மாணவராம், பத்தாண்டுகளுக்குப் பிறகு அன்றுதான் சந்தித்தார்களாம். அவரைத் தவறாக நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

பத்தாம் நாள் அழைப்பு வந்தது. தவற்றை ஒப்புக்கொண்டார்கள். கேள்வியை நீக்கி, 80-80 என்று பரிசைப் பகிர்ந்தார்கள். எனக்குரியது 90 என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அந்த அழைப்பில் எனக்குக் குரல் கம்மிவிட்டது.

ஒளிபரப்பில் கேள்வியை வெட்டியிருந்தார்கள். வெட்டிய இடத்தில் காட்சி சட்டென்று தாவுகிறது. "பார்த்தீர்களா, ஏதோ மறைக்கிறார்கள்" என்றார் மாமனார், எல்லாம் தெரிந்திருந்தும். நேயர்களுக்கு ஒரு வரி விளக்கமாவது போடுங்கள் என்று மறுபடி எழுதியிருக்கிறேன். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.