பின்பாரம்

உழவு மெசினை, அதாவது ரக்டரை, லொறியில் ஏற்றப் போனால் நான் முதலில் குனிந்து பார்ப்பது பிரேக் மிதிகளைத்தான். வலப்பக்கத்தில் இரண்டு மிதி இருக்கும். ஒன்று இடது பின்சில்லுக்கு, மற்றது வலது பின்சில்லுக்கு. இரண்டுக்கும் நடுவே விரல் நீளத்தில் ஓர் இரும்புத் தகடு. அதைச் சாய்த்துக் கொளுவினால் இரண்டும் ஒரே மிதியாகிவிடும். வயலுக்குள் ஓட்டுகிறவர்கள் அதைக் கழற்றித்தான் வைத்திருப்பார்கள். வரம்போரம் வந்து திரும்பும்போது ஒரு சில்லை மட்டும் பிடித்தால் மெசின் நின்ற இடத்திலேயே சுற்றும். சேற்று வயலுக்கு அது வேண்டும். அதே தகடு ஏற்றுப் பலகையிலும் கழன்றபடி கிடந்தால் என்ன நடக்கும் என்பதை 2008 பெரும்போக நெற்செய்கையின்போது திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் கண்ணால் கண்டேன்.

அப்போது என்னிடம் சொந்தமாக ஒன்றும் இல்லை. ஒரு முதலாளியின் லொறிக்குச் சாரதி. போகம் தொடங்கிவிட்டால் மெசின் ஏற்றுவதுதான் வேலை. கந்தளாய், தம்பலகாமம், சேருவில என்று அலைவோம். மெசினை ஓட்டிக்கொண்டே போகலாமே என்று சிலர் கேட்பார்கள். போகலாம். ஆனால் மணிக்கு 25 கிலோமீற்றர் போவதே பெரிய காரியம். அப்படி 40 கிலோமீற்றர் தாரில் உருட்டினால் டயரின் பல் தேயும், தேய்ந்த பல்லோடு சேற்றில் இறங்கினால் சில்லு சுழலும், மெசின் நகராது. தண்ணீர் திறக்கும் திகதியும் குளத்துக்குக் குளம் வேறு. இங்கே உழுது முடித்த இரவே அங்கே போய்ச் சேர்ந்தால்தான் மெசின்காரருக்கு அடுத்த வேலை கிடைக்கும்.

அன்று நல்ல மழை. வழக்கமாக ஒரு மண்மேட்டுக்கு லொறியின் பின்பக்கத்தைக் கொடுத்து நிறுத்தி, மேட்டிலிருந்தே மெசினை உள்ளே ஓட்டிவிடுவோம். மேடு ஊறிக் கிடந்ததால் பலகை போட்டோம். லொறித் தட்டு 4 அடி உயரம், பலகை 10 அடி நீளம். 23 பாகைக்கும் மேற்பட்ட சரிவு அது என்று பின்னாளில் கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அன்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. மெசின் ஓட்டியவர் மூதூர்ப் பக்கத்துத் தம்பி, பத்தொன்பது வயது. பின்னால் மண்ணைக் கொத்திப் புரட்டும் ரொட்டவேட்டர் தொங்க, முகம் முன்னாக ஏற்றினார். பாதிப் பலகையில் முன்சில்லு லேசாகித் தூக்கத் தொடங்கியது. பயத்தில் அவர் வேகத்தைக் குறைக்க, எஞ்சின் நின்றுபோனது. கிளச்சை மிதித்தார், பிரேக்கையும் மிதித்தார். கால் பட்டது வலது மிதியில் மட்டும்.

வலது சில்லு நின்றது. இடது சில்லு கீழ்நோக்கி உருண்டது. ஒரு கதவு கீலில் திரும்புவதுபோல மெசின் அப்படியே திரும்பி, இடது சில்லு பலகையை விட்டு விழுந்தது. தம்பி குதித்துவிட்டார். கணுக்கால் முறிந்தது. லொறியின் பின்பலகையில் மெசின் சாய்ந்து நின்றுவிட்டதால் உயிர் தப்பியது. நான் எங்கே நின்றேன் என்பதையும் சொல்ல வேண்டும். பலகைக்கு நேர் கீழே நின்று ‘வா, வா’ என்று கை காட்டிக்கொண்டிருந்தேன். மெசின் பின்னால் சரிந்தால் முதலில் விழுவது அந்த இடத்தில்தான். அன்றிரவு ஆஸ்பத்திரி வாசலில் இருந்தபோது எனக்கு அந்த நினைப்புத்தான் திரும்பத் திரும்ப வந்தது.

அதன் பிறகு மிதித் தகடு கொளுவாமல் ஒரு மெசினையும் ஏற்றியதில்லை. ஆனால் மற்றப் பழக்கங்கள் மாற இன்னும் சில வருசம் எடுத்தது. கட்டுகிற விசயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கயிற்றால் கட்டி வந்தோம். அதற்கு ஒரு காரணம் இருந்தது. போர்க்காலம், சோதனைச் சாவடிக்குச் சாவடி இறக்கிக் காட்டவேண்டிய காலம் அது. ஒரே பயணத்தில் மூன்று தரம் அவிழ்த்து மூன்று தரம் கட்டியிருக்கிறேன். இலேசாக அவிழ வேண்டும் என்பதற்காகவே இலேசாகக் கட்டினோம். சாவடிகள் போய்விட்டன, கட்டு மட்டும் அப்படியே இருந்தது. நைலோன் கயிறு பாரத்தில் நீளும். கந்தளாயில் இறுகக் கட்டியது சீனக்குடா வரும்போது ஊஞ்சல்போல ஆடும்.

2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். 396 மீற்றர் நீளம். அதுவரை துறையில் பாதைக்கு, அதாவது வாகனம் ஏற்றும் மிதவைக்கு, காத்திருந்துதான் மெசின்களை அக்கரைப்படுத்துவோம். பாதையில் ஏற்றுவதும் இறக்குவதுமாக அரை நாள் போய்விடும். பாலம் வந்ததும் மூதூர், தோப்பூர் வேலைகள் கூடின. லொறிக்கு 4 அடி உயரத்துக்கு ஏற்றுவதைவிட, தாழ்ந்த ரெயிலர் ஒன்றை லொறிக்குப் பின்னால் கொளுவினால் நல்லது என்று தெரிந்தவர் ஒருவரின் ரெயிலரை வாடகைக்கு எடுத்தேன். தட்டு 12 அடிதான். மெசினை முகம் முன்னாக ஏற்றி நிறுத்தினால் பின்சில்லு ரெயிலரின் கடைசிக்குப் போய்விடும். ரொட்டவேட்டர் தட்டுக்கு வெளியே தொங்கும். சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போனோம்.

அடுத்த வருசம் மே மாதக் கடைசி, கச்சான் காற்று. பாலத்தில் ஏறி மணிக்கு 50 வந்திருக்கும். பக்கக் காற்று ஒன்று அடித்தது. கண்ணாடியில் பார்க்கிறேன், ரெயிலரின் பின்பக்கம் இடதுக்குப் போய் வலதுக்கு வருகிறது, திரும்ப இடதுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போகிறது. லொறியின் பின்சில்லுகள் ரோட்டைச் சரியாகப் பிடிக்காததுபோல ஸ்டியரிங்கில் தெரிந்தது. பிரேக் அடிக்க வேண்டும் என்று கால் துடித்தது. அடிக்கவில்லை. அடித்திருந்தால் ரெயிலர் லொறியையே மடக்கித் தள்ளியிருக்கும். காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு இருந்தேன். வேகம் தானாக இறங்க, ஆட்டமும் மெல்ல மெல்ல இறங்கியது. அக்கரையில் நிறுத்தி இறங்கியபோது கை நடுங்கியது. அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

அப்பா தம்பலகாமத்தில் மாட்டுவண்டி வைத்திருந்தவர். நெல், விறகு, மண் எல்லாம் ஏற்றியிருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“பின்பாரமா ஏத்தினியா?”

வண்டி ஓட்டியவர்களுக்கு இது சின்ன வயதுப் பாடம். பாரம் அச்சுக்குப் பின்னால் போனால் துலா மேலே எழும்பி நுகம் மாட்டின் கழுத்தை விட்டுத் தூக்கும், கயிறு தொண்டையை இறுக்கும். முன்னால் கூடினால் கழுத்தே அமர்ந்துபோகும். மாட்டின் கழுத்தில் கொஞ்சம் கனம் இருக்க வேண்டும், அது தாங்கக்கூடிய கனமாகவும் இருக்க வேண்டும். லொறியும் ரெயிலரும் அதே கதைதான். கொளுவுமிடத்தில் மொத்தப் பாரத்தின் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு அமர்ந்திருந்தால் ரெயிலர் நேராக வரும். அதற்குக் குறைந்தால் வாலாட்டும். பெரிய எழுத்துப் படிப்பு எதுவும் இல்லாமல் அப்பா அறிந்து வைத்திருந்ததை, நான் லொறி ஓட்டத் தொடங்கியதும் மறந்துவிட்டேன். மாடு முரண்டு பிடித்துச் சொல்லிவிடும். லொறி பாலத்து நடுவில்தான் சொன்னது.

சொந்தமாக ரெயிலர் வாங்குவது என்று முடிவெடுத்தபோது நான் ரெயிலர் பார்க்கப் போகவில்லை. முதலில் மெசினைத்தான் நிறுக்கப் போனேன். கந்தளாயில் ஒரு நெல் ஆலையில் வாகனத் தராசு இருந்தது. பழக்கமான மெசின்காரர் ஒருவரை அழைத்துப் போய், முன்சில்லுகளை மட்டும் தராசில் நிறுத்தி ஒரு தரம், பின்சில்லுகளை மட்டும் நிறுத்தி ஒரு தரம், முழுவதுமாக ஒரு தரம் நிறுத்தோம். நாற்பத்தைந்து குதிரைவலு மெசின். புத்தகத்தில் 1,900 கிலோ. தராசில் 2,620. பின்சில்லுகளில் 2,080, முன்னால் வெறும் 540.

மெசின்காரருக்கே நம்ப முடியவில்லை. ரொட்டவேட்டர் நானூறு சொச்சம், அது தெரிந்த கணக்கு. மிச்சம் எங்கே இருந்தது? பின்டயரைத் தட்டிப் பார்த்தேன். மேல்பாதி காற்று அடைத்த டயர்போல ஒலித்தது, கீழே தட்டினால் நிறைகுடத்தின் சத்தம். வால்வைக் கீழ்ப்பக்கம் வரும்படி உருட்டி ஊசியை அழுத்தினால் தண்ணீர் பீறியது. சேற்றில் பிடிமானம் வேண்டும் என்று முந்தின சொந்தக்காரர் இரண்டு டயரிலும் தண்ணீர் நிரப்பியிருக்கிறார். ஒரு டயருக்கு நூறு லீற்றருக்கு மேல். அன்றிலிருந்து எந்த மெசினுக்குப் போனாலும் டயரைத் தட்டுவேன்.

அந்தத் தராசுச் சீட்டோடுதான் ரெயிலர் விற்கிறவரிடம் போனேன். அவர் காட்டியது அழகான சாமான், புதுப் பூச்சு, “மூன்றரைத் தொன் தாங்கும் அண்ணன், ரக்டர் இரண்டு தொன்தானே” என்றார். தகட்டைப் படித்தேன். 3,500 என்பது ரெயிலரின் சொந்த எடையும் சேர்த்த கணக்கு. ரெயிலரே 900 கிலோ. மெசின் 2,620, சேற்றுக்கு மாட்டும் இரும்புச் சில்லுச் சோடி 160. கூட்டினால் 3,680. வாங்கிய நாளிலேயே பாரம் கூடிய ரெயிலர். அவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். விற்கிறவர்களில் நிறையப் பேருக்கே இந்த வித்தியாசம் தெரிவதில்லை. வாங்குகிறவர்தான் கழித்துப் பார்க்க வேண்டும்.

கடைசியில் எடுத்தது இரட்டை அச்சு ரெயிலர், மொத்தம் 5,000 கிலோவுக்கு உரியது, சொந்த எடை 1,100. நான்கு சில்லுக்கும் பிரேக் இருக்கிறது. அது இல்லாத ரெயிலரை இலவசமாகத் தந்தாலும் எடுத்திருக்கமாட்டேன். ஒற்றை அச்சு வாங்கினால் காசு மிச்சம்தான், ஆனால் ஒரு டயர் வெடித்தால் மற்றது ஒன்றையும் தாங்காது. தட்டு 16 அடி நீளம், தரையிலிருந்து இரண்டரை அடி உயரம். தட்டுக்கு இரும்புத் தகடு போடாமல் முதிரைப் பலகை போட்டேன். செலவுதான். ஆனால் ஈரச் சேறு பட்ட இரும்பில் டயர் சோப்பில் வைத்தமாதிரி வழுக்கும். ஏற்றுப் பலகை 10 அடியே போதும், உயரம் குறைந்ததால் சரிவு 15 பாகைக்குள் வந்துவிட்டது.

இப்போது ஏற்றுகிற விதம் சொல்கிறேன். முதலில் டயர்ப் பல்லுக்குள் இருக்கிற சேற்றைத் தட்டிக் கழுவ வேண்டும். ரெயிலரை லொறியில் கொளுவி, லொறியின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ரெயிலரின் பின்மூலை இரண்டுக்கும் கீழே முட்டுக் கொடுப்பேன். இந்த முட்டைப் பலர் விட்டுவிடுவார்கள். இரண்டு தொன் பின்சில்லு ரெயிலரின் கடைசியில் ஏறுகிற அந்தக் கணத்தில் முன்பக்கம் துலாபோல மேலே எழும்பும், அதோடு லொறியின் பின்பக்கத்தையும் தூக்கும். தூக்கினால் லொறியின் சில்லுக்குப் பிடிமானம் இல்லை, எல்லாம் சேர்ந்து நகரும்.

மெசின் பின்னாலேதான் ஏறும். கனமான பக்கம் மேலே போனால் மல்லாக்கக் கவிழாது. ஆக மெதுவான பின்கியர், வழியில் கிளச் மிதிக்கக் கூடாது, கியர் மாற்றக் கூடாது. கை காட்டுபவர் பக்கவாட்டில் எட்டி நிற்பார், கீழே ஒருவரும் இல்லை. தட்டில் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கிறேன், பின்சில்லு அதில் வந்து நிற்க வேண்டும். கோடு ரெயிலர் அச்சுகளுக்குக் கொஞ்சம் முன்னால். கொளுவுமிடத்துக்குக் கீழே ஜக்கி வைத்துத் தராசில் பார்த்துப் பார்த்து மூன்று நாளில் கண்டுபிடித்த கோடு அது. வேறு மெசின் என்றால் கோடும் மாறும்.

நிறுத்தியதும் ரொட்டவேட்டரைத் தட்டில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு, கைப்பிரேக். அப்புறம் நான்கு மூலைக்கும் நான்கு தனிச் சங்கிலி. ஒரே சங்கிலியைச் சுற்றிச் சுற்றிக் கட்டினால் ஓர் இடத்தில் கழன்றால் எல்லாம் கழன்றதுதான். முன்சங்கிலி முன்னுக்கு இழுக்க வேண்டும், பின்சங்கிலி பின்னுக்கு. கொளுக்கி அச்சிலோ இழுவைச் சட்டத்திலோ விழ வேண்டும், ஸ்டியரிங் கம்பியில் போடவே கூடாது. பாதிப் பாரம் தாங்கினால் போதும் என்றொரு கணக்கு உண்டு, நான் முழுப் பாரத்துக்கும் சங்கிலி வைப்பேன். டர்போ உள்ள புது மெசின் என்றால் புகைக்குழலின் வாயைத் துணியால் கட்டிவிடுவேன். எதிர்க்காற்று உள்ளே போய் எண்ணெய் இல்லாமல் டர்போவைச் சுழற்றினால் அது தேய்ந்துபோகும்.

ஐந்து கிலோமீற்றர் போய் ஒரு தரம் நிறுத்துவேன். டயர் அமர்ந்து சங்கிலி தளர்ந்திருக்கும், இறுக்குவேன். பாலம்போட்டாறில் இன்னொரு தரம். அங்கே தேநீரும் குடிப்போம்.

போன பெரும்போகத்தில் தோப்பூருக்கு ஒரு மெசின் ஏற்றினேன். அதன் சொந்தக்காரர் அன்று கணுக்கால் முறிந்த அதே தம்பிதான். இப்போது அவரிடம் இரண்டு மெசின். மழைக்காலத்தில் கால் இன்னும் வலிக்கும் என்பார். ஏற்றும்போது அவரே ஓட்டினார். நான் குனிவதற்கு முன்பே, “கொளுவிட்டேன் அண்ணன்” என்றார். இருந்தாலும் குனிந்து கையால் ஆட்டிப் பார்த்தேன். அவரும் அதற்குக் கோபிக்கவில்லை.

தோப்பூரில் இறக்கும்போது விடியப் பார்த்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, வயல் அரைமுழம் நிறைந்திருந்தது. வரம்பை வெட்டிய இடத்தில் மெசினை நிறுத்தி, தம்பி குனிந்து இரண்டு மிதிகளுக்கும் நடுவே இருந்த தகட்டைத் தூக்கிவிட்டு, தண்ணீருக்குள் இறங்கினார். நான் சங்கிலிகளைக் கழுவிப் பெட்டியில் போட்டேன்.